முகக் காயத் தையலுக்குக் கோடு போடுவது எப்படி: 12011 முதல் 12018 வரை முழு வழிகாட்டி

அமெரிக்க மருத்துவமனைகளின் எமர்ஜென்சி சார்ட்டுகளை சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் உட்கார்ந்து கோடு செய்பவர்களுக்கு (அதாவது டாக்டர் செய்த வேலையையும் நோயையும் இன்சூரன்ஸ் பில்லுக்கான எண்களாக மாற்றுபவர்களுக்கு), முகத்தில் தையல் என்பது தினசரிச் சாப்பாடு மாதிரி. அதனால்தான் தவறும் அதிகம். முகம், தையல் என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் கை தானாக, முகத்தின் சிறிய சாதாரணத் தையலுக்கான சிபிடி (சிகிச்சைக் கோடு) எண்ணான 12011-ஐத் தட்டிவிடுகிறது. புரொசீஜர் நோட்டை (டாக்டர் எழுதும் சிகிச்சைக் குறிப்பை) முழுக்கப் படிக்காததற்கு இன்னொரு பெயர் 12011 என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு சிறு குறிப்பு: நோயையும் காயத்தையும் குறிக்கும் ஐசிடி கோடுகளில் வரும் ஆங்கில எழுத்துகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். சிஸ்டத்தில் ஏற்றும்போது ஆங்கில எழுத்தாகவே ஏற்றுங்கள்.

முதலில் நோட்டிலிருந்து எடுக்க வேண்டியவை

கோடு புத்தகத்தைத் திறக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் காயத்துக்கு ஒரு வரி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் இடம், தைத்த நீளம், எத்தனை அடுக்காகத் தைத்தார்கள், எதை வைத்து மூடினார்கள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். யார் தைத்தார் என்பதைத் தாளின் மேலே தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிஏ (டாக்டருக்குத் துணையாகச் சிகிச்சை தருபவர்) அல்லது நர்ஸ் பிராக்டிஷனர் (சிகிச்சை தரத் தகுதி பெற்ற நர்ஸ்) தைத்திருந்தால் அவர் பெயரில்தான் பில் போக வேண்டும். டாக்டரும் அவரும் சேர்ந்து பார்த்தார்கள் என்று பகிர்ந்து பில் செய்யும் வசதி இ அண்ட் எம் விசிட்டுக்கு (நோயாளியைப் பரிசோதித்து மதிப்பிடுவதற்கு) மட்டுமே உண்டு, தையலுக்குக் கிடையாது. முக்கியமாக முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரில் இவர்களுக்கு டாக்டர் தொகையில் 85 சதவீதம்தான் வரும். அதனால் பெயரை மாற்றிப் போட்டால் அது வெறும் எழுத்துப் பிழையாகப் பார்க்கப்படாது.

படி 1: இடம்

சிம்பிள் ரிப்பேரில் (காயத்தை ஒரே அடுக்காக மூடுவதில்; விவரம் படி 3-இல்) உடம்பு இரண்டே குழுக்களாகப் பிரிகிறது. முகம், காது, இமை, மூக்கு, உதடு, சளிச்சவ்வு ஆகியவை ஒரு குழு. இதற்கு 12011 வரிசை. தலைத்தோல், கழுத்து, அக்குள், வெளிப் பிறப்புறுப்பு, உடல், கை கால் எல்லாம் மற்றொரு குழு. இதற்கு 12001 வரிசை. நெற்றி, புருவம், கன்னம், மோவாய் எல்லாம் முகம்தான். முடிக்கோட்டைத் தாண்டிவிட்டால் தலைத்தோல். மோவாய்க்குக் கீழே கழுத்தில் விழுந்த வெட்டும் 12001 பக்கம்தான் போகும். "தலையில் காயம்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஊகிக்காதீர்கள், டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்புங்கள்.

முகத்திலேயே இருந்தும் இந்த வரிசைக்கு வெளியே போகிற சில இடங்கள் உண்டு. இமை விளிம்பையோ உள்ளிருக்கும் டார்சஸ் என்ற உறுதித் தகட்டையோ தொட்ட காயத்துக்கு 67930, இமை முழுத் தடிமனும் கிழிந்திருந்தால் 67935. உதடு முழுத் தடிமனாகக் கிழிந்திருந்தால் 40650, 40652, 40654 ஆகியவற்றைப் பாருங்கள். உதட்டின் உட்புறச் சவ்வையும் கன்னத்தின் உட்புறத்தையும் தைத்தால் 40830, அது 2.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் 40831. நாக்குக்கு 41250-இலிருந்து தொடங்கும் தனி வரிசை இருக்கிறது. உதட்டுக்கு வெளியிலும் உள்ளேயும் தைத்திருக்கிற சார்ட்டில், அது ஊடுருவிய ஒரே காயமா, தனித்தனியே இரண்டா என்பதை நோட் சொல்ல வேண்டும்.

படி 2: நீளம்

முக வரிசையின் எல்லைகள் இவை, எல்லாம் சென்டிமீட்டரில்:

12011: 2.5 வரை
12013: 2.6 முதல் 5.0
12014: 5.1 முதல் 7.5
12015: 7.6 முதல் 12.5
12016: 12.6 முதல் 20.0
12017: 20.1 முதல் 30.0
12018: 30.0-க்கு மேல்

12012 என்று ஒன்று கிடையாது. புதியவர்கள் வரிசையாக எண்ணிக்கொண்டே போய் அதைத் தட்டுவதும், சிஸ்டம் துப்புவதும் வாடிக்கை. எல்லைகளை 12001 வரிசையோடு குழப்பிக்கொள்வதும் அப்படித்தான். அங்கே 12002 என்பது 2.6-இலிருந்து நேராக 7.5 வரை ஓடும். முகத்தில் அதே தூரம் இரண்டு கோடாக உடைந்திருக்கிறது.

காயம் நேராக இருந்தாலும் வளைந்திருந்தாலும் நட்சத்திரம்போல் பிளந்திருந்தாலும் தைத்த நீளத்தைத்தான் எடுக்க வேண்டும். நட்சத்திரக் காயத்தில் ஒவ்வொரு கிளையும் தைக்கப்பட்டு அளக்கப்பட்டிருந்தால் அவற்றைக் கூட்டலாம். பரிசோதனைப் பகுதியில் 3 செ.மீ. என்றும் புரொசீஜர் நோட்டில் 2.5 செ.மீ. என்றும் இருந்தால், தைத்ததைப் பேசுவது புரொசீஜர் நோட் என்பதால் அதன் அளவே செல்லும்.

அங்குலத்தில் எழுதும் டாக்டர்களும் இருக்கிறார்கள். 1 அங்குலம் 2.54 செ.மீ. அது 2.5-க்கும் 2.6-க்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு தசமத்துக்குச் சுருக்கினால் 2.5 என்பதால் 12011 போடுவதே ஆடிட்டில் நிற்கும். "2 முதல் 3 செ.மீ." என்று எழுதியிருந்தால் எல்லை இரண்டு கோடுகளின் மேல் கால் வைத்து நிற்கிறது, குவெரி அனுப்ப வேண்டிய இடம் அது. நீளமே இல்லாவிட்டாலும் குவெரிதான் முதல் வழி. பதில் வராத நிலையில் சிறிய கோடான 12011-ஐப் போடச் சொல்லும் கிளையன்ட் விதிகள் உண்டு, சொல்லாதவையும் உண்டு. உங்கள் பிராஜெக்ட்டின் விதி எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எத்தனை அடுக்கு

பணமும் ஆடிட் பிழையும் குவிந்திருக்கும் இடம் இது. மேல்தோல், உள்தோல், அதன் அடியிலுள்ள கொழுப்பு வரை போய், ஆழமான கட்டமைப்புகள் பெரிதாகப் பாதிக்கப்படாமல், ஒரே அடுக்காக மூடினால் சிம்பிள். தோலடித் திசுவிலோ தசையல்லாத மேலோட்ட ஃபேஷியா என்ற திசு உறையிலோ ஓர் அடுக்குத் தைத்து, அதற்கு மேல் தோலையும் தைத்தால் இன்டர்மீடியட். முகத்துக்கு அது 12051-இலிருந்து தொடங்கும். நீள எல்லைகள் மேலே சொன்னவையேதான்.

நூலின் பெயரை வைத்து அடுக்கை முடிவு செய்யாதீர்கள். குழந்தைகளின் முகத்தில் தையல் பிரிக்க வேண்டாமே என்று தானாகக் கரையும் நூலால் தோலையே தைப்பார்கள். அது ஒரே அடுக்கு, சிம்பிள். மேட்ரஸ் தையல் ஆழமாகப் போய்த் திரும்பி வந்தாலும் அதுவும் ஒரே அடுக்குதான். மாறாக, "5-0 விக்ரில் தோலடியில் 2, 6-0 நைலான் தோலில் 5" என்று நோட் சொன்னால் அது இன்டர்மீடியட். டெம்ப்ளேட்டின் தலைப்பில் "சிம்பிள் ரிப்பேர்" என்று அச்சாகியிருந்தாலும் இதுதான் நிலை. தலைப்புக்கும் விவரத்துக்கும் இப்படி மோதல் வந்தால் விவரமே பெரிது, ஆனாலும் ஒரு குவெரி பதிவில் இருப்பது நல்லது.

ஒரே அடுக்காகத் தைத்தும் இன்டர்மீடியட் ஆகிற வழி ஒன்று இருக்கிறது. காயம் கடுமையாக அழுக்கடைந்து, விரிவாகச் சுத்தம் செய்யவோ துகள்களை எடுக்கவோ வேண்டியிருந்தால் அந்தப் பலன் கிடைக்கும். சாலையில் தேய்ந்து, கன்னத்தில் ஏறிய கப்பிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்ததாக நோட் சொல்ல வேண்டும். "நிறைய சலைன் விட்டுக் கழுவினோம்" என்ற வரி ஏறத்தாழ எல்லா டெம்ப்ளேட்டிலும் இருக்கிறது. அதை நம்பி 12051-க்கு ஏறினால் ஆடிட்டர் இறக்கிவிடுவார்.

இன்டர்மீடியட்டுக்கும் மேலான வகையான காம்ப்ளெக்ஸ் பற்றி ஒரு விஷயம் மட்டும் போதும். உதட்டின் சிவப்பு விளிம்பு, காது மடலின் விளிம்பு, மூக்குத் துவார விளிம்பு ஆகியவற்றைக் காயம் தாண்டியிருந்தால் காம்ப்ளெக்ஸ் என்று நினைப்பவர்கள் பலர். 2020-இல் சிபிடி திருத்திய விளக்கத்தின்படி, முதலில் இன்டர்மீடியட்டுக்கு வேண்டியதெல்லாம் இருக்க வேண்டும். அதற்கு மேல்தான் இந்த விளிம்புகளோ, வெளியில் தெரியும் எலும்போ குருத்தெலும்போ, காய ஓரத்தை வெட்டிச் சீர்செய்ததோ கணக்கில் வரும். சிவப்பு விளிம்பைத் தாண்டிய உதட்டுக் காயத்தை ஒரே அடுக்காக மூன்று தையலில் முடித்திருந்தால் அது இன்னமும் சிம்பிள்தான். காம்ப்ளெக்ஸ் கோடுகள் 1.1 செ.மீ.-இலிருந்துதான் தொடங்குகின்றன என்பதையும் கவனியுங்கள்.

படி 4: எதை வைத்து மூடினார்கள்

தையல், ஸ்டேப்பிள், திசுப் பசை ஆகிய மூன்றும் ரிப்பேர் கோடுக்குத் தகுதியானவை. ஸ்டெரி-ஸ்டிரிப் போன்ற ஒட்டுப் பட்டை மட்டும் போட்டிருந்தால் ரிப்பேர் கோடே கிடையாது. அது இ அண்ட் எம்-க்குள் அடக்கம்.

பசையில் ஒரு பிரிவினை இருக்கிறது. டெர்மாபாண்ட் போன்ற பசையால் மட்டும் மூடியிருந்தால், தனியார் இன்சூரன்ஸுக்கு வழக்கமாக 12011 வரிசை போகும். மெடிகேருக்கு ஜி0168 போக வேண்டும். பசையோடு ஒரு தையலாவது இருந்தால் மெடிகேருக்கும் ரிப்பேர் கோடே. நோயாளியின் வயதையும் பேயரையும் (பணம் தரும் இன்சூரன்ஸையும்) பார்க்காமல் பசைக் காயத்துக்குக் கோடு போடுவது குருட்டாம்போக்கு.

படி 5: கூட்டல்

ஒரே வகை, ஒரே உடல் குழு என்ற இரண்டும் பொருந்தும் காயங்களின் நீளங்களைக் கூட்டி ஒரே கோடு, ஒரே யூனிட் போட வேண்டும். நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று என்று 12011-ஐ இரண்டு முறை போடுவதுதான் இந்த வரிசையில் அதிகம் காணும் பிழை. வகை மாறினாலோ குழு மாறினாலோ கூட்டக் கூடாது.

ஒரு சார்ட்டைப் போட்டுப் பார்ப்போம். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுக்கும் 58 வயதுக்காரர் தன் வீட்டுச் சமையலறையில் வழுக்கி விழுந்து மேஜை விளிம்பில் அடிபடுகிறார். நெற்றியில் 2.1 செ.மீ., ஒரே அடுக்கு. வலது கன்னத்தில் 1.8 செ.மீ., ஒரே அடுக்கு. மோவாயில் 1.4 செ.மீ., இரண்டு அடுக்கு. தலைத்தோலில் 3.0 செ.மீ., ஸ்டேப்பிள். மருந்தின் காரணமாக டாக்டர் தலைக்கு சிடி எடுத்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, முடிவுகளை எழுதியிருக்கிறார்.

நெற்றியும் கன்னமும் கூட்டினால் 3.9, அது 12013. மோவாய் தனியாக 12051. தலைத்தோல் 12002. சிக்கலானது முதலில் என்பதால் 12051 மேலே, அடுத்து 12013, பிறகு 12002. பின்னால் வரும் இரண்டுக்கும் மாடிஃபையர் 59 (இது தனி வேலை என்று கோடோடு சேர்க்கும் குறி) வேண்டுமா என்பதை, சேர்த்துப் போடத் தடை உள்ள கோடு ஜோடிகளைச் சொல்லும் அந்தக் காலாண்டின் என்சிசிஐ அட்டவணையில் சோதியுங்கள். எடிட் (அந்தத் தடை) இருக்கிற ஜோடிக்குப் போடுங்கள். மெடிகேரில் 59-க்குப் பதில், வேறு இடம் என்று சொல்லும் எக்ஸ்எஸ் போடலாம். வலது, இடது மாடிஃபையர்கள் இந்தக் கோடுகளுக்குத் தேவையில்லை. பக்கத்தை ஐசிடி சொல்லும்.

படி 6: கூட வருபவை

தையல் போட்டவரே கொடுத்த மரத்துப்போகும் ஊசி, நரம்பு பிளாக் உட்பட, தனியாகப் போகாது. சாதாரணக் கழுவுதல், காயத்துக்குள் பார்த்தல், டிரெஸ்ஸிங் எல்லாம் உள்ளடக்கம். டிபிரைட்மென்டுக்கு (கெட்ட திசுவை அகற்றுவதற்கு) தனிக் கோடு வேண்டுமானால், கணிசமான அளவு செத்த அல்லது அசுத்தமான திசுவை வெட்டி எடுத்ததாகவோ, நெடுநேரம் சுத்தம் செய்ய வேண்டிய கடும் அழுக்கு இருந்ததாகவோ நோட் பேச வேண்டும். கண்ணாடித் துண்டு எடுத்ததற்கு 10120 கேட்பவர்கள், அந்தக் கோடு கீறல் போட்டு எடுப்பதற்கானது என்பதை மறந்துவிடுகிறார்கள். திறந்திருக்கும் காயத்திலிருந்து இடுக்கியால் எடுத்ததற்கு அது கிடையாது.

இ அண்ட் எம் கதை வேறு. 12011 வரிசைக்கு குளோபல் நாள் (பின்கவனிப்பும் அதே தொகைக்குள் அடங்கும் நாட்கள்) 0. தையல் போடலாம் என்று முடிவெடுப்பது தையல் கோடுக்குள்ளேயே அடங்கிவிடும். எமர்ஜென்சி விசிட் கோடுகளான 99281 முதல் 99285 வரையிலான எதையும் மாடிஃபையர் 25-உடன் (அதே நாளில் தனி மதிப்பீடு என்ற குறி) கூடவே போட, தையலுக்கு அப்பாற்பட்ட மதிப்பீடு நோட்டில் தெரிய வேண்டும். மேலே சொன்ன 58 வயதுக்காரருக்கு மருந்து, சிடி, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதைத் தாங்கும். பேப்பர் கிழித்து விரலில் வந்தது போன்ற ஒரு கீறலோடு வந்து இரண்டு தையலோடு போனவருக்குத் தாங்காது. எமர்ஜென்சி லெவல் 2023 முதல் மருத்துவ முடிவெடுப்பை மட்டும் வைத்தே வருகிறது. தையலுக்கான சிந்தனையை அதில் எண்ணினால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கேட்டதாகிவிடும்.

டெட்டனஸ் ஊசி போட்டிருந்தால் டிடாப் என்ற தடுப்பு மருந்துக்கு 90715, ஊசி போட்டதற்கு 90471. பதினெட்டு வயது உட்பட அதுவரையிலான நோயாளிக்கு டாக்டர் ஆலோசனையும் சேர்ந்தால் 90460 ஒன்று, டிடாப்பில் மூன்று கூறுகள் இருப்பதால் 90461 இரண்டு. மருத்துவமனை எமர்ஜென்சியில் மருந்தும் நர்ஸும் மருத்துவமனையினுடையவை. அதனால் டாக்டர் பில்லில் இது வராது, மருத்துவமனை பில்லில் வரும். மெடிகேர் நோயாளிக்குக் காயத்துக்காகப் போட்ட டெட்டனஸ் ஊசி பார்ட் பி-யில் (மெடிகேரின் டாக்டர், வெளிநோயாளிப் பிரிவில்) போகும் என்பதால் ஊசியை காயக் கோடோடு பாயின்ட் செய்ய (இணைத்துக் காட்ட) மறக்காதீர்கள்.

படி 7: ஐசிடி-10-சிஎம்

எஸ்01 என்ற வகைக்குள் இடம், காயத்தின் தன்மை, அந்நியப் பொருள் உள்ளதா என்ற மூன்றும் கலந்து வரும். அந்நியப் பொருள் இல்லாத வெட்டுக்கு அடிக்கடி தேவைப்படுபவை இவை. நெற்றி, மோவாய்: எஸ்01.81எக்ஸ்ஏ. கன்னம்: வலது எஸ்01.411ஏ, இடது எஸ்01.412ஏ. மூக்கு: எஸ்01.21எக்ஸ்ஏ. உதடு: எஸ்01.511ஏ. வலது இமை: எஸ்01.111ஏ. தலைத்தோல்: எஸ்01.01எக்ஸ்ஏ. நாய் கடித்திருந்தால் வெட்டுக் கோடு கூடாது. கடிக்குத் தனிக் கோடு உண்டு, வலது கன்னத்துக்கு எஸ்01.451ஏ. காரணத்துக்கு டபிள்யூ54.0எக்ஸ்எக்ஸ்ஏ.

புருவத்தை நெற்றியோடு சேர்ப்பது நெடுநாளைய தவறு. அகராதிப் பகுதியில் புருவம் என்று தேடினால் இமைக்குப் போகச் சொல்லும். இமையும் கண்ணைச் சுற்றிய பகுதியும் ஒரே வரிசை. அதனால் பக்கம் கட்டாயம் தேவை. ஆனால் தையலுக்கு அது 12011 வரிசையிலேயே இருக்கிறது. வெட்டுக் காயம் இருக்கிற அதே இடத்தில் சிராய்ப்போ கன்றலோ இருந்தால் அதைத் தனியாகப் போட வேண்டாம்.

நம் 58 வயதுக்காரருக்கு நெற்றியும் மோவாயும் ஒரே எஸ்01.81எக்ஸ்ஏ என்பதால் ஒரு முறைதான். கூடவே எஸ்01.411ஏ, எஸ்01.01எக்ஸ்ஏ, மருந்துக்கு இசட்79.01. விழுந்து மேஜையில் அடிபட்டதற்கு டபிள்யூ01.190ஏ, தனி வீட்டுச் சமையலறைக்கு ஒய்92.010. 12013-க்கு நெற்றி, கன்னம் இரண்டையும் பாயின்ட் செய்யுங்கள். 12002-க்குத் தலைத்தோல் மட்டும்.

படி 8: கிளெய்ம்

டாக்டர் பில் சிஎம்எஸ்-1500 படிவத்தில், இடக் கோடு எமர்ஜென்சிக்கு 23, அர்ஜென்ட் கேருக்கு 20, கிளினிக்குக்கு 11. மருத்துவமனை பில் யூபி-04 படிவத்தில், வருவாய்க் கோடு 0450. சிஎம்எஸ்-1500-இன் பத்தாம் கட்டத்தில் வேலை, வாகனம், மற்ற விபத்து என்பதைச் சரியாகக் குறியுங்கள்; வாகனமாக இருந்தால் மாநிலச் சுருக்கமும் வேண்டும். பதினான்காம் கட்டத்தில் விபத்துத் தேதி, குவாலிஃபையர் 431. இந்த இரண்டு கட்டங்களை விட்டுவிட்டால் கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் கிளெய்ம் மாதக்கணக்கில் தொங்கும். வேலையிடக் காயம் என்று பேயர் சந்தேகித்தால் டினையல் (மறுப்பு) கோடு 19, வேறு பொறுப்பு இன்சூரன்ஸ் என்றால் 20. நோயாளியிடம் விபத்து விவரம் கேட்டு அனுப்பிய கடிதத்துக்கு அவர் பதில் போடாமல் இருப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

சிஓ-97 என்ற மறுப்பு வந்தால் இன்னொரு கோடுக்குள் இதை அடக்கிவிட்டார்கள் என்று பொருள். 59 விட்டுப்போனதா, கூட்ட வேண்டியதைப் பிரித்துப் போட்டோமா என்று முதலில் நம் பக்கத்தைப் பாருங்கள். பிரித்துப் போட்டிருந்தால் 59 சேர்த்து மறுபடி அனுப்புவது தவறை ஆழமாக்கும். திருத்திய கிளெய்ம்தான் வழி. சிஓ-11 என்றால் நோய்க் கோடும் தையலும் பொருந்தவில்லை. தலைத்தோலின் ஐசிடி 12013-க்குப் பாயின்ட் ஆகியிருக்கும். 25 போட்டும் இ அண்ட் எம் மறுக்கப்பட்டால் முழு நோட்டையும் வைத்து அப்பீல் செய்யலாம், தையலைக் கழித்த பிறகும் அதில் ஏதாவது மிஞ்சினால். மெடிகேருக்கு முதல் கிளெய்ம் சேவைத் தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போயிருக்க வேண்டும். தனியார் பேயர்களின் கெடு இதைவிடக் குறுகியதாகவும் இருக்கும்.

தையல் பிரிக்க வரும்போது

முகத் தையலை ஏறத்தாழ ஐந்து நாளில் பிரிப்பார்கள். போட்டவரே பிரித்தால் இலவசம் என்ற பழைய நினைப்பு இன்னமும் சுற்றுகிறது. 2011-க்கு முன் சிம்பிள் ரிப்பேருக்கு மெடிகேரில் 10 நாள் குளோபல் இருந்தது, அப்போது அது சரி. இப்போது 0 நாள் என்பதால் இ அண்ட் எம் போடலாம். அதோடு 2023-இல் வந்த ஆட்-ஆன் கோடு 15853-ஐச் சேர்க்கலாம்; தையலும் ஸ்டேப்பிளும் இரண்டுமே பிரித்திருந்தால் 15854. இரண்டும் தனியாக நிற்காது, இ அண்ட் எம் கூட இருக்க வேண்டும். மோவாய்க்கு 12051 போட்டவர் விஷயத்தில் மட்டும் கவனம்: இன்டர்மீடியட்டுக்கு இன்றும் 10 நாள் குளோபல். ஐந்தாம் நாளில் அதே டாக்டர் அந்தத் தையலைப் பிரித்ததற்குத் தனியே பணம் கேட்க முடியாது.

நோய்க் கோடாக இசட்48.02 போடாதீர்கள். காயத்தின் பின்கவனிப்புக்கு இசட் கோடு கிடையாது. அதே காயக் கோடுதான், கடைசி எழுத்து ஏ-க்குப் பதில் டி, அதாவது எஸ்01.81எக்ஸ்டி. சமையலறைக்கான ஒய்92.010 முதல் விசிட்டோடு முடிந்தது, இங்கே அதை மறுபடி ஏற்ற வேண்டாம்.